எட்டெழுத்துக்கு மேல் ஏறாது

ஏற்பாடு முடிந்த மறுநாள் சர்டிபிகேட் கைக்கு வரும். பேச்சு அதுதான். பேச்சு என்றால் எழுத்தில் ஒன்றும் கிடையாது. செல்வப்பிள்ளை சார் காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார், பாப்பாத்தி நின்றுகொண்டே கேட்டாள்.

"எல்லா டிராயிங்கும் எல்லார் கைக்கும் கிடைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டு நீ எங்க வேணா போம்மா. யார் வேண்டாம்னா?"

பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அந்த ஒரிஜினல் மைசூர் அக்ரஹாரத்தில், ஜவுளிக் கடைக்கு மேல் மாடியிலிருந்த இந்தக் கட்டட டிராயிங் ஆபீசில், சாரின் இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றைந்தில், வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். "எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக அவளும் அதைப் போல உள்ளேயேதான் இருந்தாள்.

அன்றைக்கே அவர் அவள் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் 'பாப்பாத்தி' என்பதைப் படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் மேல்கோட்டை வழி ஐயங்கார். வீட்டில் அவர்களுக்கென்று ஒரு தமிழ் உண்டு. ஆபீசில் வாய் தவறியும் அது வராது, எல்லாம் கன்னடமும் இங்கிலீஷும்தான். அன்று மட்டும் தமிழில் சொன்னார்: "எங்காத்துப் பொம்மனாட்டிகளைன்னா ஊரார் அப்படிச் சொல்லுவா! கொத்தனார் சித்தையன் பொண்ணுக்கு யாரு வச்சா இதை?"

"எங்க அப்பா வச்சாரு" என்றாள் அவள். கொள்ளேகால் பக்கம் கௌதள்ளியில் தெருவுக்கு ரெண்டு பாப்பாத்தி உண்டு. அங்கே யாரும் சிரிப்பதில்லை.

"கிளையண்ட் வந்தா குழப்பம். இங்க நீ தீபா." முடிந்தது. இருபத்தொரு வருஷத்துப் பெயர் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

டிராயிங் எல்லாம் அவள் கையில் வந்து சிக்கிக்கொண்டது தனிக் கதை. ஆபீசில் நாலு கம்ப்யூட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எது போக வேண்டுமென்றாலும் ஃபிளாப்பியில் ஏற்றி, எழுந்து நடந்து போய்க் கொடுக்க வேண்டும். ஒருநாள் பக்கத்து மேசை கிரண் பழைய ஃபிளாப்பியில் இருந்த வரைபடத்தைப் புதியது என்று நினைத்து பிரிண்ட் எடுத்து சைட்டுக்கு அனுப்பிவிட்டான். குவெம்பு நகரில் ஒரு வீட்டுக்கு மாடிப்படி கிழக்கே போவதற்குப் பதிலாக மேற்கே ஏறி, நேரே பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலில் போய் முட்டியது. கட்டியது பாப்பாத்தியின் அப்பா. இடித்ததும் அவரேதான். பதினேழு படி. அன்று சாயங்காலம் சிமெண்டு தலையோடு வீட்டுக்கு வந்தவர், "படத்துல இருந்தபடிதான் அம்மிணி கட்டுனேன்" என்று நாலு தரம் சொன்னார்.

மறுநாள் சார் ஓர் உத்தரவு போட்டார். எல்லா ஃபைலும் தீபா கம்ப்யூட்டரில் மட்டும். யாருக்கு எது வேண்டுமானாலும் தீபாவைக் கேள்.

அன்றிலிருந்து காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை கிரண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவான். "தீபா, ஃபைல் எல்லி?" எங்கே, எங்கே, எங்கே. சோற்று டப்பாவைத் திறந்தால் எங்கே. கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியிலிருந்து எங்கே. போன வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ரெண்டே நாள் லீவு போட்டு கௌதள்ளிக்குப் போயிருந்தாள். பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில் பாப்பாயி மளிகைக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது, மைசூரிலிருந்து போன் என்று. எச்சில் கையோடு ஓடிப்போய், ரிசீவரை இடது கையில் பிடித்துக்கொண்டு, எந்த ஃபைல் எங்கே என்று சொன்னாள். திரும்பி வந்தபோது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவள் லீவு கேட்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள்.

அந்த டிராயிங் புரோகிராம் பழையது. ஒரு ஃபைலுக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் பெயர் ஏறாது. கிளையண்டின் முழுப்பெயரை அதில் திணிக்க முடியாது, ஏதாவது சுருக்கத்தான் வேண்டும். சுருக்கத்தானே வேண்டும்? தமிழில் சுருக்கினாள். இவர்கள் தன் பெயரை மாற்றினார்கள், தான் இவர்கள் ஆட்களின் பெயரை மாற்றினால் என்ன? பத்து நாளைக்கு ஒருமுறை வந்து சமையலறையை இடம் மாற்றச் சொல்லும் டாக்டரம்மா வீடு 'அடுப்பு'. எலும்பும் தோலுமாக வந்து ஜன்னலுக்கு ஜன்னல் கம்பியைக் குறைக்கச் சொன்ன குண்டலுபேட்டை மண்டிக்காரரின் கிடங்கு 'கருவாடு'. வாசலிலேயே நின்று மூச்சு வாங்கும் காண்டிராக்டர் 'பூசணி'. வந்தால் கேட்டுக்கொண்டே இருந்து, எதற்கும் தலையை மட்டும் ஆட்டும் ரிடையர்டு ஆபீசர் 'எருமை'. கடைசியில் சாரே தன் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க டிராயிங் போடச் சொன்னபோது, நேர்மையாக 'முதலாளி' என்று வைக்கத்தான் போனாள். தட்டிப் பார்த்தால் ஒன்பது எழுத்து வந்தது. நடுவிலிருந்து ஒரு 'எல்'லை எடுத்தாள். 'முதலை' ஆயிற்று. கணக்காக எட்டு. பிடித்தால் விடாது என்பதும் சரியாகவே இருந்தது.

கிரணுக்குத் தமிழ் தெரியாது. சார் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, அவருக்குத் தாளில் வந்தால் போதும். மூன்று வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். அந்த ஆபீசில் அவளுக்கு இருந்த ஒரே சிரிப்பு அதுதான். அந்தச் சிரிப்பே தனக்குப் பூட்டு என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

*

தேவராஜ அரசு ரோட்டிலிருந்து டீலர் தருண்குமார் டை கட்டிக்கொண்டு வந்தான். கையில் வழவழ காகிதங்கள்.

"சார், மூணு வழி இருக்கு. ஒண்ணு, மேடம் கம்ப்யூட்டரையே எல்லாருக்கும் திறந்து விட்டுடலாம். ஒயர் மட்டும் இழுத்தா போதும்."

சாரின் முகம் மலர்ந்தது. செலவில்லாத எதற்கும் அந்த முகம் மலரும்.

"என் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை உறைஞ்சு நிக்குது" என்றாள் பாப்பாத்தி. "அது நின்னா நாலு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். காலையில அதை யார் வந்து போடறது? நான். சாயங்காலம் எல்லாரும் முடிக்கிற வரைக்கும் அணைக்காம காத்திருக்கறது யாரு? நான்."

"மேடம் சொல்றது சரி" என்று தருண்குமார் உடனே கட்சி மாறினான். பெரிய விலைக்குப் போனால் அவனுக்கு லாபம்தானே. "ரெண்டாவது, ராஜா மாதிரி சர்வர். தனி மானிட்டர், தனி கீபோர்டு. ஒரு கண்ணாடி ரூம் தடுத்து, ஏசி போட்டு உள்ளே வெச்சா, கிளையண்ட் வந்து பார்த்தா அசந்துடுவான். ஆனா பார்த்துக்க ஒரு இன்சார்ஜ் வேணும் சார். ட்ரெய்ன்ட் பர்சன்."

சார் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்ணாடி ரூம் எழும்பிவிட்டது. "இன்சார்ஜ்! ஏனம்மா தீபா? கதவுல உன் பேரைப் போட்டுடலாம். ஏசி காத்து. பெங்களூர்ல உனக்கு யார் ஏசி போட்டுத் தரப் போறாங்க?"

கண்ணாடிப் பெட்டிக்குள் தன்னை உட்கார வைத்து, வெளியிலிருந்து கிரண் தட்டித் தட்டி 'எல்லி, எல்லி' என்று வாயசைப்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"மூணாவது என்ன?" என்றாள்.

தருண்குமார் அதை எடுத்தே இருக்க மாட்டான். காகிதத்தின் அடியில் இருந்தது. "இது புதுசு மேடம். ஃபைலை வைக்க மட்டும் ஒரு பெட்டி. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒயரைச் சொருகி மூலையில வெச்சா அது பாட்டுக்கு இருக்கும். உள்ளே ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதறதையே இன்னொண்ணுலயும் எழுதிக்கும், ஒண்ணு போனாலும் ஃபைல் போகாது. ஆனா…" சாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பார்க்க ஒண்ணும் இருக்காது சார்."

படத்தைப் பார்த்து சார் உதட்டைப் பிதுக்கினார். "டிபன் கேரியர் மாதிரி இருக்கு. இதுக்கு இன்சார்ஜ் யாரு?"

"யாரும் வேண்டாம் சார்."

யாரும் வேண்டாம். பாப்பாத்திக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குளுகுளுவென்று இறங்கியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். தான் போன பிறகு எந்த மாடிப்படியும் அப்பா தலையில் விழக்கூடாது. "ரெண்டு டிஸ்க் இருந்து என்ன? கிரண் தப்பா ஒண்ணை அழிச்சான்னா ரெண்டுலயும் சேர்ந்துதானே அழியும்? வாரம் ஒருக்கா டேப்புல தனியா எடுத்து வேற இடத்துல வைக்கணும். அந்த டேப் டிரைவும் இதோட வரணும். கரண்ட் போனா?"

"யூபிஎஸ் போட்டுடலாம் மேடம்" என்றான் தருண்குமார். இப்போது அவன் டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பேசினான்.

சார் மட்டும் இரண்டாவது காகிதத்தைக் கையிலிருந்து விடவில்லை. கண்ணாடி ரூமை மனசுக்குள் பெருக்கித் துடைத்து, ஊதுபத்தியும் ஏற்றிவிட்டார் போலிருந்தது. அவள் யோசித்தாள். இந்த மனுஷனுக்கு எது வேண்டும்? யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

"சார், இந்தப் பெட்டின்னா உங்க ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் வெச்சு, உங்க மேசையில இருந்தே ஆபீஸ்ல இருக்கற எல்லா ஃபைலையும் நீங்களே பார்க்கலாம். கிரண் என்ன பண்றான், நான் என்ன பண்றேன், எல்லாம்."

காகிதம் மேசைக்கு இறங்கியது. "எல்லாமா?"

"ஒண்ணு விடாம" என்றாள், தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது தெரியாமல்.

*

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். அம்மா மாதம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாரு இல்லாட்டி நமக்கு ஏது அம்மிணி இந்த ஊரு?" என்றார் சித்தையன். "பதினெட்டு வருசமா வேலை குடுக்கறாரு. நீ பாட்டுக்கு வுட்டுட்டுப் போனா அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பதினேழு படியை இடிச்சீங்களே, அன்னிக்கு உங்க மூஞ்சில எப்படி முழிச்சாரு?"

"அது வேற."

"இதுவும் வேறதான் அப்பா."

சித்தையன் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை. பிறகு தட்டைப் பார்த்தே சொன்னார். "காயிதத்தை மட்டும் எப்படியாச்சும் வாங்கிப்போடு. அது நம்மூட்டுல மொதக் காயிதம்."

*

பெட்டி வியாழக்கிழமை வந்தது. நடுவில் நட்சத்திரமாக ஒயர்கள் பிரியும் ஒரு ஹப், நாலு மேசைக்கும் சாரின் ரூமுக்கும் தனித்தனி ஒயர். பெட்டி அலமாரியின் மூலையில், நிஜமாகவே டிபன் கேரியர் உயரத்தில் உட்கார்ந்தது. ஒரு பச்சை விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டியது. அன்று முழுக்க, வெள்ளி மத்தியானம் வரைக்கும், தன் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். ஏறி முடிந்ததும் கிரண் தன் இடத்திலிருந்தே பெட்டியைத் திறந்து பார்த்து, "அய்யோ, எல்லாம் வந்துடுச்சு!" என்று கைதட்டினான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக பாப்பாத்திக்குத் தோள் இறங்கியது. திங்கட்கிழமைக்கு நடுவில் ரெண்டே நாள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் போதும்.

சாரின் ரூமுக்குப் போனாள். அவர் புது கம்ப்யூட்டர் முன்னால், மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரல் திரையில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுப்பு" என்றார் தமிழில்.

பாப்பாத்தி வாசல்படியிலேயே நின்றாள்.

"அடுப்பு ஒண்ணு, அடுப்பு ரெண்டு… அடுப்பு பதினொண்ணு. நம்ம டாக்டரம்மாதானே? பூசணி. இது யாருன்னு கேக்கவே வேண்டாம். எருமை… ஓ, அந்த ஆபீசர்." அவர் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. விரல் இறங்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றது. அது எந்த வரி என்று எட்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"இது எங்காத்து மாடி. திறந்து பார்த்துட்டேன்."

"முதலாளின்னுதான் சார் வெக்கப் போனேன். எட்டெழுத்துக்கு மேல ஏறாது."

"அதனால ஒரு எழுத்தை முழுங்கிட்டே."

"நான் முழுங்கல. எடுத்தேன்."

"எங்களுக்கு எட்டெழுத்துன்னா பெருமாள் மந்திரம்" என்று நாற்காலியைத் திருப்பினார். "நீ அதுல எருமையையும் கருவாட்டையும் மேய விட்டிருக்கே. மூணு வருஷமா எங்கிட்ட சம்பளம் வாங்கிண்டு." அப்புறம் கன்னடத்துக்கு மாறிவிட்டார். அதட்ட வேண்டுமென்றால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "கேளு. ஏற்பாடு எப்படிப் பேசினோம்? எல்லா டிராயிங்கும் எல்லார் கைக்கும் கிடைக்கணும். கிரண் இதைப் படிப்பானா? நாளைக்கு நீ போயிட்டா இதுல எது யாருன்னு எவனுக்குத் தெரியும்? ஒண்ணொண்ணாத் திறந்து, கிளையண்ட் பேரு, சர்வே நம்பர், தேதி எல்லாம் பார்த்து, ஒழுங்கான பேரு வை. ஆயிரத்து முன்னூறு ஃபைல். ஒரு நோட்டுல பட்டியலும் எழுது. முடிச்சுட்டு சர்டிபிகேட் வாங்கிக்கோ."

"திங்கட்கிழமை நான் பெங்களூர்ல இருக்கணும்."

"அது நீ பேரு வெக்கறப்போ யோசிச்சிருக்கணும்."

அவர் சொன்னது நியாயம், அதுதான் எரிந்தது. யாரும் வேண்டாத பெட்டியைத் தேடித் தேடி வாங்கி, அதற்குள் தன்னை மட்டுமே வேண்டுகிற ஆயிரத்து முன்னூறு பூட்டைத் தானே கொண்டுபோய் வைத்தாயிற்று. ரூமில் ஒரு ஜன்னல் இருந்தது. அதற்குக் கம்பி போட்டதும் அவள் அப்பாதான். கம்பிக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பவில்லை.

ஹாலிலிருந்து கிரணின் குரல் வந்தது. அவளைக் காணாமல் அவன் பழக்க தோஷத்தில் கத்தினான்.

"தீபா! குண்டலுபேட்டை கிடங்கு ஃபைல் எல்லி? ஆள் வந்து நிக்கிறார்!"

அவள் அசையவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தீபா!"

"கருவாட்டுல பாருடா!" என்று கத்தினார் செல்வப்பிள்ளை சார்.

"எதுல சார்?"

"கருவாடு! கே, ஏ, ஆர், யூ…" எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஐயங்கார் வாயில் கருவாடு முழுசாக, எட்டெழுத்தும் சத்தமாக வந்து விழுந்தது. ஹாலில், "கிடைச்சிடுச்சு சார்!" என்றது.

சார் அப்போதுதான் வாயை மூடினார். பாப்பாத்தி அவரையே பார்த்தாள். தமிழில் பேசினாள். மூன்று வருஷத்தில் அந்த ரூமில் அவள் பேசிய முதல் நீளமான தமிழ்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே சார். அடுப்பு யாருன்னு தெரியுது, எருமை யாருன்னு தெரியுது, நான் சொல்லிக் குடுக்கலையே. இங்க தமிழ் தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு, நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு. ஒருத்தர் இருந்தா போதும். எல்லார் கைக்கும் கிடைச்சாச்சு. இப்ப கிடைச்சுதே, நான் வாயைத் திறந்தனா?"

"நான் என்ன, அவனுக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்கவா இங்க ஆபீஸ் வெச்சிருக்கேன்?"

"நான் மட்டும் அதுக்கா டிகிரி படிச்சேன்?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அவள் நகரவே இல்லை. ஹாலிலிருந்து அடுத்த குரல் வந்தது, இந்தத் தடவை பெயர் மாறி. "சார், அந்தக் கிடங்கோட ரெண்டாவது மாடி எல்லி?"

"அதுக்குள்ளயே மூணாவது ஷீட் பாருடா!" என்றார். சொல்லிவிட்டு அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே எழுந்து பீரோவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு தடித்த அட்டை ஃபைல் வந்தது. மேலே 'ஸ்டாஃப்' என்று எழுதியிருந்தது. கிளிப்பை விடுவித்து, தாள்களைக் கழற்றி, நடுவிலிருந்து அதை உருவி மேசையில் போட்டார். தரவில்லை, போட்டார். பாப்பாத்தி எடுத்துப் பார்த்தாள்.

இடது ஓரத்தில், பூக்கொடி வரைந்த கரையைத் தாண்டி, பஞ்சிங் மெஷினின் ரெண்டு ஓட்டை. வட்டமாக, சுத்தமாக.

"ஓட்டை போட்டிருக்கீங்க."

"ஃபைல் பண்ணணும்னா ஓட்டை போடாம எப்படி?" என்றார். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பத்திரமாகத்தானே வைத்திருந்தார்.

கீழ் ஓட்டை அவள் பெயர் தொடங்கும் இடத்தில் விழுந்திருந்தது. முதல் 'பி' இருந்த இடத்தில் சாரின் மேசை தெரிந்தது. விரலால் தொட்டு எண்ணினாள். பாப்பாத்தி, அதுவும் இங்கிலீஷில் கணக்காக எட்டெழுத்து. இப்போது ஏழு. அவருடையதிலிருந்து இவள் ஒன்றை எடுத்தாள், அதற்கு முன்பே இவளுடையதிலிருந்து அவர் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்டிபிகேட்டைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். மேலே யாரோ 'எல்லி' என்றார்கள், யாரோ பதில் சொன்னார்கள். திங்கட்கிழமை பெங்களூரில் இதை நீட்டும்போது, என்னம்மா, உன் பெயரில் ஓட்டை விழுந்திருக்கிறதே, முழுப்பெயர் என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். வாய் இருக்கிறது, சொல்வாள்.